ஓவியர் கண்ட இயற்கை

நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டிச் சிறுவர் சிறுமியர்க்கு ஓவியப் போட்டி நடைபெறுவதுண்டு. ‘இயற்கைக் காட்சி’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டால், எத்தனை பிள்ளைகள் வந்து அமர்ந்தாலும் எல்லார் தாளிலும் ஏறக்குறைய ஒரே படந்தான் எழுகிறது. கூம்பு போன்ற இரண்டு மலைகள். அவற்றின் நடுவே எழும் பாதிச் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடிசை. குடிசையின் பக்கத்தில் சற்றே சாய்ந்து நிற்கும் தென்னை. வானத்தில் வரிசையாகப் பறக்கும் பறவைகள்.

மர்பி டவுனில் மலை இல்லை. ஆறும் இல்லை. நம் தெருக்களில் குடிசை நடுவே சூரியன் எழுவதை எந்தப் பிள்ளையும் கண்டதில்லை. அப்படியிருக்க, இந்தப் படம் எங்கிருந்து வந்தது? அண்ணன் வரைந்ததைத் தம்பி பார்த்தான். அக்காள் வரைந்ததைத் தங்கை பார்த்தாள். கைவழியே வந்த செல்வம் அது. ஆயினும் கைப்பழக்கம் மட்டுமே அதற்குக் காரணம் என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. ‘ஊர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சில் எழும் உருவம் எதுவோ, அதுவே அந்தத் தாளில் மலையாகவும் ஆறாகவும் தென்னையாகவும் வந்து நிற்கிறது போலும்!

ஓவியன் இயற்கையை வரையும்போது எதனை வரைகிறான்? கண் கண்டதையா, நெஞ்சு கொண்டதையா? இந்த வினா நம் பிள்ளைகளின் தாளில் மட்டும் எழுந்த வினா அன்று. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு நாட்டில் ஓவிய உலகையே புரட்டிப்போட்ட வினாவும் இதுவே. அவ்வரலாற்றைச் சிறிது எண்ணிப்பார்ப்பது, வேற்று மண்ணில் வேர் ஊன்றிய நம்மனோர்க்கு வெறும் கலைச் செய்தியாக மட்டும் நின்றுவிடாது என்பது என் நம்பிக்கை.

தமிழர் கண்ட நெறி

இயற்கையைக் கொண்டு உள்ளத்தைப் பேசுவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் உலகப் பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் மரமும் புள்ளும் விலங்கும் முதலாயின கருப்பொருள். மக்கள் உள்ளத்து நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். குறிஞ்சி என்றால் மலை மட்டுமன்று, கூடல். முல்லை என்றால் காடு மட்டுமன்று, காத்திருத்தல். பாலை என்றால் வறண்ட நிலம் மட்டுமன்று, பிரிவு. தலைவியின் துயரை நேரே சொல்லாமல், கரையில் நிற்கும் ஒரு மரத்தையும் அதில் வந்து தங்கும் ஒரு பறவையையும் சொல்லி நிறுத்திவிடுவான் புலவன். மிகுதியைக் கேட்போர் நெஞ்சு நிரப்பிக்கொள்ளும். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் நம் இலக்கணம் இதற்குப் பெயர் வைத்தது.

சொல்லில் நிகழ்ந்த இவ்வித்தை வண்ணத்திலும் நிகழ்ந்ததுண்டு. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பெற்றுள்ளது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சிக் காலத்தில் அது புதுப்பிக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. தாமரையும் மீனும் பறவையும் யானையும் நிறைந்த அக்குளத்தில் இறங்கி மலர் கொய்வோர் சிலர். முதற்பார்வைக்கு அது நம் நாட்டுக் குளம் ஒன்றின் அழகிய காட்சி. ஆனால் சமண மரபு அறிந்தோர், அருகனின் அறவுரை கேட்கச் செல்லும் வழியில் அடியார் கடக்கும் பொய்கை அது என்பர். ஆதலின் அங்கே நீர் வெறும் நீரன்று. மலர் வெறும் மலரன்று. காட்சி ஒன்று, கருத்து ஒன்று. இரண்டும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

கணநேர ஒளியும் அதற்கு அப்பாலும்

இனி மேல்நாட்டுக்குச் செல்வோம். 1874-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஓவியர் சிலர் கூடித் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். கிளாட் மோனே என்பவர் துறைமுகத்தில் சூரியன் எழும் காட்சியைத் தீட்டி, ‘மனப்பதிவு’ என்ற பொருளுடைய சொல்லை அதற்குத் தலைப்பாக இட்டிருந்தார். அச்சொல்லையே பிடித்துக்கொண்டு ஒரு திறனாய்வாளர் எள்ளி நகையாடினார். இகழ்ச்சியாக வந்த பெயரே இயக்கத்தின் பெயராயிற்று. இம்ப்ரெஷனிசம் என்பது அது. மாறிக்கொண்டே இருக்கும் ஒளியை, அது மாறுமுன் பிடித்துவிடுவதே அவ்வோவியர்களின் நோக்கம். நீரில் ஒளி எப்படிச் சிதறுகிறது, பனியில் நிழல் எந்நிறம் கொள்கிறது என்று கண் நுணுகிக் கண்டனர்.

அடுத்த தலைமுறைக்கு இது போதவில்லை. கண்ணுக்குக் கிடைத்த விருந்து நெஞ்சுக்கும் கிடைக்க வேண்டாவா என்று கேட்டனர். ஒளி மறைந்த பின்னும் மறையாத ஏதோ ஒன்று மலையிலும் மரத்திலும் இருக்கிறது. அதனை வரைய வேண்டும் என்று துணிந்தனர். அவர்கள் ஒரு சங்கமாகக் கூடியவர் அல்லர். ஒரே முறையில் வரைந்தவரும் அல்லர். 1910-ஆம் ஆண்டு இலண்டனில் ரோஜர் ஃப்ரை என்பவர் அவர்தம் படங்களை ஒருங்கே காட்சிக்கு வைத்தபோது, வேறு பெயர் கிடைக்காமல் ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்டுகள்’, அதாவது ‘பின் வந்தோர்’ என்று பெயரிட்டார். பெயர் வந்த காலத்தில் அவர்களுள் முதன்மையானோர் மூவரும் உயிரோடு இல்லை. பால் செசான், பால் கோகேன், வின்சென்ட் வான்கோ என்பாரே அம்மூவர்.

இம்மூவரும் நிலத்தோடு கொண்ட உறவு மூன்று வகைப்பட்டது. செசான் பிறந்த மண்ணுக்குத் திரும்பியவர். கோகேன் கனவு மண்ணைத் தேடிச் சென்றவர். வான்கோ வேற்று மண்ணில் வாழ்ந்து அதைத் தம் நெஞ்சின் மொழியாக்கியவர்.

மூவர், மூன்று நிலம்

செசான் பிறந்தது தென் பிரான்சில் உள்ள ஏக்ஸ் என்னும் ஊர், ஆண்டு 1839. பாரிஸ் சென்று பழகியும் அவர் மனம் அங்கே ஒட்டவில்லை. தம் ஊரின் அடிவானத்தில் நிற்கும் சான்த் விக்துவார் என்ற மலையை அவர் வரைந்தார், மீண்டும் வரைந்தார், 1906-இல் இறக்கும் வரை வரைந்துகொண்டே இருந்தார். எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலுமாகப் பல பத்துப் படங்கள் அம்மலைக்கே அமைந்தன. காற்றுக்கும் ஒளிக்கும் அசையாத ஒன்றை அவர் அதில் கண்டார். கட்டடம் எழுப்புபவன் கல்லின்மேல் கல் வைப்பதுபோல், அவர் வண்ணத்தின்மேல் வண்ணம் வைத்து மலையைக் கட்டினார். நிலைபேறு என்பதற்கு அவர் தேர்ந்த உருவம் மலை எனலாம்.

கோகேனின் வழி வேறு. பாரிசில் 1848-இல் பிறந்து, இளமையில் சில ஆண்டுகள் பெரு நாட்டில் வளர்ந்தவர். 1888-இல் அவர் தீட்டிய படம் ஒன்றில், ஆலயத்தில் அறவுரை கேட்டுத் திரும்பிய உழவர் மகளிர் ஒருபுறம் நிற்கின்றனர். யாக்கோபு தேவதூதனோடு மற்போர் புரியும் காட்சி மறுபுறம் தோன்றுகிறது. இடையே குறுக்காக ஒரு மரம் சாய்ந்து கிடக்கிறது. அம்மரமே இவ்வுலகுக்கும் அவ்வுலகுக்கும் எல்லை. தரையோ பச்சையன்று, செக்கச் சிவந்த சிவப்பு! புல் சிவப்பாக இருக்குமா என்று கேட்பவர்க்கு, நம்புகிறவன் நெஞ்சில் அது அவ்வாறு இருந்தது என்பதே விடை. 1891-இல் அவர் பசிபிக் கடலின் தாகித்தித் தீவுக்குச் சென்றார். நாகரிகம் தீண்டாத இன்ப நிலம் ஒன்றைக் காணப்போவதாக எண்ணினார். ஆனால் தீவு அப்போதே பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டு, பழைய வாழ்க்கை பெரிதும் மாறிப்போயிருந்தது. அவரோ தாம் காண விரும்பியதையே வரைந்தார். குறியீடு உண்மையைக் காட்டவும் கூடும். மறைக்கவும் கூடும் என்பதற்கு அவர் படங்களே சான்று.

வான்கோ 1853-இல் ஹாலந்து நாட்டில் பிறந்தவர். ஒரு போதகரின் மகன். தாமும் சில காலம் பெல்ஜியத்தில் சுரங்கத் தொழிலாளரிடையே சமய ஊழியம் செய்தார். ஓவியர் ஆனபின் 1888-இல் தென் பிரான்சின் ஆர்ல் நகருக்கு வந்தார். மங்கிய வானம் கண்டு வளர்ந்த கண்ணுக்கு அந்நாட்டு வெயில் பெருவிருந்தாயிற்று. விதைப்பவனை வரைந்தார், அவன் பின்னே வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு சூரியன். அறுப்பவனையும் வரைந்தார், அவனிடம் சாவின் உருவைக் கண்டதாகத் தம் தம்பிக்கு எழுதினார். ஆயினும் அச்சாவில் துயரம் இல்லை, பொன் வெயில் பொழியும் நண்பகலில் அல்லவா அது நிகழ்கிறது என்பது அவர் கருத்து. விதைப்பும் அறுப்பும் ஒரே வயலில், ஒரே வெயிலில் நடக்கும் என்பதை உழவர் குடியில் வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி நம் கிறித்தவ அன்பர்களுக்கு உவப்பாக இருக்கும். கோகேனும் மற்றொரு நண்பரும் கெத்செமனே தோட்டத்தில் இயேசுபிரான் துயருற்ற காட்சியை வரைந்தபோது வான்கோவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் 1889-இல் தாம் தங்கியிருந்த செயின்ட் ரெமி என்னும் ஊரில் ஒலிவ மரங்களை மட்டும் வரைந்தார். பெருமான் உருவம் இல்லை, தேவதூதர் இல்லை. முறுக்கிக்கொண்டு எழும் அடிமரங்களும் நடுங்கும் இலைகளும் காய்ந்த மண்ணும் மட்டுமே உள்ளன. துயரம் முழுவதும் அம்மரங்களில் இருக்கிறது. தலைவியைச் சொல்லாமல் மரத்தைச் சொன்ன நம் புலவனும், ஆண்டவரைக் காட்டாமல் ஒலிவத்தைக் காட்டிய அந்த ஓவியனும் ஒரே வழி நடந்தவர் அல்லரோ?

அதே செயின்ட் ரெமியில், மனநோயாளர் இல்லத்தில் இருந்தபோது, 1889 ஜூன் மாதம் அவர் வரைந்ததே புகழ்பெற்ற ‘விண்மீன் இரவு’. சுழித்து ஓடும் வானம். மண்ணிலிருந்து சுடர்போல் எழும் சைப்ரஸ் மரம். கீழே உறங்கும் ஒரு சிற்றூர். சைப்ரஸ், அந்நாட்டில் கல்லறைகளின் பக்கத்தில் நிற்கும் மரம். மண்ணையும் விண்ணையும் இணைக்கும் பாலமாக அதனை அவர் நிறுத்தினார். இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. அவர் அறைச் சாளரத்திலிருந்து அந்தச் சிற்றூர் தெரியாது. அதன் நடுவே நிற்கும் ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் தென் பிரான்சின் கோபுரம் போன்றதன்று; ஹாலந்து நாட்டுக் கோபுரத்தை நினைவூட்டுகிறது என்று கலை ஆய்வாளர் கூறுவர். வேற்று நாட்டு வானத்தின் கீழ் அவர் தம் ஊர்க் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்! நம் பிள்ளைகள் மர்பி டவுனில் அமர்ந்துகொண்டு மலையும் ஆறும் தென்னையும் வரைவதை இனி யார் குறை சொல்ல முடியும்?

1890 பிப்ரவரியில் அவர் வாதுமை மரத்தின் பூத்த கிளையை வரைந்தார். தம்பிக்கு ஆண் மகவு பிறந்து, அதற்குத் தம் பெயரே இடப்பட்டது என்ற செய்தி கேட்டு, அக்குழந்தைக்காகத் தீட்டிய படம் அது. குளிர் நீங்கும் முன்னரே, இலை தளிர்க்கும் முன்னரே பூப்பது வாதுமை. புது உயிர்க்கு அதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறில்லை. அதே ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அப்படத்தின் அமைப்பு ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து வந்தது. பூத்த கிளையை மட்டும் அருகில் கொண்டுவந்து, வெறும் வானத்தின்மேல் நிறுத்தும் முறை அந்நாட்டினது. வான்கோ அத்தகைய படங்களை ஆர்வத்துடன் சேர்த்தவர். ஹிரோஷிகே வரைந்த பிளம் மரத்தோட்டத்தை 1887-இல் பார்த்து எழுதியவர். எனவே ‘மேல்நாட்டுப் பாணி’ என்று நாம் சொல்லும் அதுவும் கீழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற விதையால் முளைத்ததே. கலையும் குடிபெயரும், சென்ற இடத்தில் பூக்கும்.

சென்னைக்கு வந்த விதை

அவ்விதை நம் நாட்டிற்கும் வந்தது. சென்னை அரசினர் கலைப் பள்ளியில் 1929 முதல் 1957 வரை தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமை வகித்தார். அவரிடம் பயின்று, அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் நீரும் தென்னையும் நிறைந்த நிலக்காட்சிகளை வரைந்தார். பிரெஞ்சு ஓவியர்களின் வண்ணத் துணிவு அவரைக் கவர்ந்தது. 1954-இல் ஐரோப்பா சென்று வந்தபின், பிறர் மொழியில் எத்தனை நாள் பேசுவது என்ற கேள்வி அவரை வாட்டியது. 1963 அளவில் எழுத்தும் எண்ணும் சாதகக் கட்டம் போன்ற கோடுகளும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். நிலக்காட்சியில் புறப்பட்டவர் குறியீட்டிலே வந்து சேர்ந்தார். 1966-இல் ஓவியர் பலர் அவர் தலைமையில் கூடி, கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். மணற்பரப்பில் தாமே வீடு கட்டிக் குடியேறிய அக்கலைஞர்களின் கதை, குடியேறிய எல்லாருடைய கதையையும் ஒத்தது.

வந்த மரங்கள்

இனி நம் நகருக்கு வருவோம். பெங்களூர் என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது பூத்த மரங்கள். மாசி பிறந்தால் மஞ்சள் தபேபுயா. அதனை அடுத்து ஊதா நிறத்து ஜகரண்டா. சித்திரையில் தீப்பற்றியதுபோல் செம்மயிற்கொன்றை. நாம் ‘மே பிளவர்’ என்பதும் அம்மரமே. இவை நம் நகரின் முகம். ஆனால் இவை பிறந்த ஊர் எது? தபேபுயாவும் ஜகரண்டாவும் அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தவை. செம்மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவினது. பள்ளிக்கூட வாயில்களில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் கடல் கடந்து வந்ததே.

இவற்றைக் கொண்டுவந்து வளர்த்தவர்களின் நடு இடம் லால்பாக். 1760-இல் ஐதர் அலி தொடங்கிய தோட்டம் அது. 1874 முதல் அதனைப் பேணிய ஜான் காமரான் எத்தனையோ வெளிநாட்டுச் செடிகளை இங்கே பழக்கினார். நம் சமையலறையில் கூட்டும் பொரியலுமாகும் சௌசௌவை இங்கே பயிராக்கியவரும் அவரே என்பர். அமெரிக்கக் காயான அது இன்று தமிழ்நாட்டில் ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்றே விலையாகிறது! வந்த காய்க்கு வந்த ஊரே பெயராகிவிட்டது.

காமரானுக்குப் பின் 1908-இல் பொறுப்பேற்றவர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். 1865-இல் ஜெர்மனியில் பிறந்து, இலண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றி, 1893-இல் பரோடா மன்னரிடம் வந்து, பின்னர் மைசூர் அரசில் சேர்ந்தவர். ஒரு சாலையின் மரங்கள் பூத்து உதிரும்போது மற்றொரு சாலை பூக்கத் தொடங்க வேண்டும், ஆண்டு முழுவதும் நகரில் எங்கேனும் பூ இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு மரங்களைத் தேர்ந்தவர் என அவரைப் போற்றுவர். 1932-இல் ஓய்வு பெற்ற அவர் தாய்நாடு திரும்பவில்லை. 1956-இல் இந்நகரிலேயே மறைந்தார். மரங்களைப் போலவே அவரும் இம்மண்ணில் வேரூன்றிவிட்டார்.

ருமாலே தீட்டிய நகரம்

இந்த மரங்களுக்கு ஓர் ஓவியன் வேண்டியிருந்தது. ருமாலே சென்னபசவய்யா அவ்வோவியர். தொட்டபள்ளாபுரத்தில் பிறந்த கன்னடப் பெருமகன். பிறந்த ஆண்டு 1910. இலண்டனில் அந்தப் ‘பின் வந்தோர்’ பெயர் பெற்ற அதே ஆண்டு! இளமையில் ஓவியம் பயிலத் தொடங்கிய அவரை விடுதலைப் போர் அழைத்தது. தூரிகையை வைத்துவிட்டுச் சென்றார், சிறை கண்டார். நாடு விடுதலை பெற்றபின் மேலவை உறுப்பினராகவும், ‘தாயிநாடு’ என்னும் கன்னட நாளிதழின் ஆசிரியராகவும் தொண்டாற்றினார். பின்னர் 1960-களில் அரசியலை விட்டு, இளமையில் கைவிட்ட தூரிகையை மீண்டும் எடுத்தார். 1988-இல் மறையும் வரை அதனைக் கீழே வைக்கவில்லை.

எதை வரைந்தார்? தாம் கண்ட தலைவர்களையா? போராட்டக் காட்சிகளையா? மரங்களை வரைந்தார். பூத்த தபேபுயா, பூத்த ஜகரண்டா, பூத்த செம்மயிற்கொன்றை. சிறு சிறு தீற்றல்களாக, தடித்த வண்ணத்தில், படத்தின் பெரும்பகுதியை மரமே நிறைத்து நிற்கும். அவரை வான்கோவோடு ஒப்பிடுவோர் பலர். ஆனால் அவர் வண்ணங்களில் உள்ள வெயில் இந்நகரத்து வெயில். பிரெஞ்சு நாட்டு வெயிலன்று. நாட்டுக்காகத் தம் இளமையைத் தந்த ஒருவர், முதுமையில் அந்நாட்டிற்குக் கண்ட உருவம் கொடியன்று, கோட்டையன்று, பூத்த மரம். அந்த மரமோ எங்கிருந்தோ வந்தது. வந்த மரம் என்று அவர் அதனைத் தள்ளவில்லை. நம் ஊரின் முகம் இதுவே என்று அவர் தூரிகை சொல்லிற்று.

இதில் நமக்கு ஒரு பெரிய செய்தி இருக்கிறது. மண்ணுக்கு உரியது எது என்று கேட்டால், அம்மண்ணில் முளைத்தது மட்டுமன்று. அம்மண்ணுக்கு நிழலும் பூவும் தந்ததும் அதற்கு உரியதே. ருமாலேயின் படங்களைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சில் எழும் எண்ணம் இது.

நம் தெருவின் மரம்

1809-இல் ஆங்கிலேயர் அல்சூர் ஏரியை அடுத்த நிலத்தில் படைவீடு அமைத்தனர். படையோடு சிப்பாய்களும், அவர்களைச் சார்ந்து கொத்தரும் வணிகரும் பணியாளருமாகத் தமிழ்க் குடிகள் வந்தனர். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப் பாதை வந்தபின் வருகை மேலும் பெருகிற்று. முன்பு நாக்ஸ்பேட்டை என வழங்கி, பின் மர்பி என்னும் பொறியாளர் பெயரால் அமைந்த நம் காலனியும் அவ்வரலாற்றின் ஒரு கிளை. அல்சூரைக் கன்னடத்தில் ஹலசூரு என்பர். ஹலசு என்றால் பலா. பலா மரங்கள் நிறைந்த இடமாதலின் அப்பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. நாம் வந்து சேர்ந்த ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர்!

எங்கள் இல்லத்தின் பின்புறம் ஒரு முருங்கை நின்றது. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து என் பாட்டியார் ஈரத்துணியில் சுற்றி, இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்ட போத்து அது என்று என் அன்னையார் சொல்வார். அதன் கீரை உண்ணாத வீடு எங்கள் வரிசையில் இல்லை. கன்னடம் பேசும் வீட்டாரும் தெலுங்கு பேசும் வீட்டாரும் வந்து பறித்துச் செல்வர்; எந்த ஊர் முருங்கை என்று யாரும் கேட்டதில்லை. வீட்டை விரித்துக் கட்டும்போது அம்மரம் போயிற்று. அதனை ஒருவரும் வரைந்து வைக்கவில்லை. நிழற்படம் கூட இல்லை. இன்று அதனை நினைக்கும்போது இலையின் உருவம் வருகிறது. கிளை எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பது வரவில்லை.

இந்நகரில் சாலை அகலமாகும்போதும் புதிய மாடிகள் எழும்போதும் மரங்கள் சாய்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு காலத்தில் வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து பாராட்டி வளர்த்தவை அவை. அவற்றுள் பலவற்றை இனி ருமாலே போன்றோர் படங்களில்தான் காண இயலும். ஆகவே வரைவது என்பது அழகுக்காக மட்டும் செய்யும் செயலன்று. நான் இங்கே வாழ்ந்தேன், இதனை என் கண்ணால் கண்டேன், இது எனக்கு வேண்டியதாக இருந்தது என்று சாட்சி சொல்லும் செயலும் ஆகும்.

ஆதலின் நம் சங்கத்தாருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு ஓவியப் போட்டியில் ‘இயற்கைக் காட்சி’ என்ற பழைய தலைப்பை விலக்க வேண்டா. மலையும் ஆறும் தென்னையும் நம் முன்னோர் விட்டு வந்த ஊரின் நினைவு. வான்கோவின் படத்தில் நின்ற அந்தக் கூர்ங்கோபுரத்தைப் போன்றது. அது இருக்கட்டும். அதனோடு ‘எங்கள் தெருவின் மரம்’ என்று மற்றொரு தலைப்பையும் கொடுப்போம். போட்டிக்கு முன்பு பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒரு மரத்தின் அடியில் கால்மணி நேரம் அமர்த்துவோம். அதன் பெயர் என்ன, எந்நாட்டிலிருந்து வந்தது, எந்த மாதத்தில் பூக்கிறது, அதன் நிழலில் யார் கடை வைத்திருக்கிறார் என்று அவர்கள் கேட்டறியட்டும். பிறகு வரையட்டும். இலை ஊதாவாக இருந்தாலும் தரை சிவப்பாக இருந்தாலும் நடுவர்கள் மதிப்பெண் குறைக்காதிருப்பாராக!

ஒரு தாளில் முன்னோர் ஊரின் தென்னை. மற்றொரு தாளில் நம் தெருவின் செம்மயிற்கொன்றை. இரண்டையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டிவைத்தால், அதுவே நம் குடும்பங்களின் வரலாற்றை ஒருவாறு சொல்லிவிடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! பூக்க நம் தெருவின் மரங்கள்!